நீராவி தந்த கதகதப்பு

மார்கழிக் குளிரில் கம்பளியும் படுக்கை மூட்டையும் சுமந்து வடநாட்டு ரயிலேறிய நம்மவர்க்கு, வண்டியே வெப்பம் தரும் என்பது விந்தையாகத் தோன்றும். மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள சிகாகோ நகரில் அது அன்றாட வழக்கமாயிருந்தது. எஞ்சினில் பிறந்த நீராவி, பெட்டிகளின் அடியிலோடும் குழாய் வழியே சென்று ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பாக்கும். டீசல் எஞ்சின்கள் வந்த பின்னரும் அதற்கெனத் தனிக் கொதிகலன் வைத்திருந்தனர். ஆயினும் கடைசிப் பெட்டிக்கு எஞ்சியதே கிட்டும். குழாயில் நீர் உறைந்துவிட்டாலோ, குழந்தைகளோடு வந்தவர் நடுங்க வேண்டியதுதான். 1977 ஜனவரிக் கடுங்குளிரில் குழாய்கள் உறையவே, ஆம்ட்ராக் நிர்வாகம் பல வண்டிகளை ரத்து செய்தது. பின்னர் மின்சாரம் நீராவியின் இடத்தைப் பெற்றது. முன்பெட்டியின் சுகம் பின்பெட்டியையும் எட்டுகிறதா என்பதே எந்தப் பயணத்துக்கும் உரைகல்.