தர்ம வார்டும் கோர்ட்டும்

எங்க சித்தி தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருசம் உப்பு வாரினவள். சின்ன வயசில் வந்த வாதக் காய்ச்சல் அவள் இருதய வால்வைத் தின்றுவிட்டது. நெருக்கடியான வீட்டில், நேரத்துக்கு ஊசி போட வழியில்லாத பிள்ளைகளைத்தான் அந்த நோய் அதிகம் பிடிக்கும். உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் அசினோகூமரால் மாத்திரை.

இந்த மாத்திரை கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் உறையும். அதனால்தான் அடிக்கடி ஐ.என்.ஆர். சோதனை. மூட்டுவலின்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேலே காசு வார்டு, கீழே தர்ம வார்டு. வேறென்ன மாத்திரை சாப்பிடுதேன்னு ஒருத்தரும் கேட்கல. வலி மாத்திரை எழுதினார்கள். பத்தாம் நாள் கறுப்பாக வெளிக்குப் போச்சு. ரத்தம் ஏத்தித்தான் பிழைச்சாள். அளத்துக்குப் போகத் தெம்பில்லை. போய்க் கேட்டால், "ஓசி வைத்தியத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்றார்கள்.

அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் பதில் இருக்கு. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் சாந்தாவுக்கும் நடந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: காசு வாங்கியும் இலவசமாகவும் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். எல்லாருக்குமே இலவசம் என்கிற ஆஸ்பத்திரியை மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அதாவது பெரியாஸ்பத்திரியே கதின்னு கிடக்கிற நம்ம சனத்துக்கு அந்தக் கதவு இல்லை. சிவில் கோர்ட்டுக்கோ, மதுரை ஹைகோர்ட் கிளைக்கோதான் போகணும். ஏன்? உப்புக்கு வரியில்லை, சரி. சித்தி வாங்குற தீப்பெட்டிக்கு வரி உண்டே. அது காசில்லையா?

ரத்தம் கசிஞ்சதெல்லாம் டாக்டர் தப்பாகிவிடாது. கேட்க வேண்டியதைக் கேட்டார்களா, சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா என்பதுதான் வழக்கு. அதுக்குக் காகிதம் வேணும். மருத்துவக் குறிப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும் என்று 2002ஆம் வருச விதி சொல்லுது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருசத்துக்குள் போயாகணும்.

"படிச்சவங்ககிட்ட மோதி வக்கீலுக்கு எங்கலே போக?" என்றாள் சித்தி. 1987ஆம் வருச சட்டப் பணிகள் சட்டம், 12ஆம் பிரிவு: தாழ்த்தப்பட்டவர், பழங்குடி, பெண்கள் யாராயிருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். போன் எண் 15100. அதுவும் ஓசி இல்லை சித்தி, உரிமை.

மனுவில் கைநாட்டு வைக்கமாட்டேன்னு சொல்லி, எழுத்துக்கூட்டித் தன் பேரையே எழுதினாள்.