கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடலாமா? வாட்ச் ஒன்று சொல்கிறது... மூச்சு வேறொன்று சொல்கிறது!

கொடைக்கானல் ஏரியை ஒரு முறை சுற்றி வந்தால் எத்தனை கிலோமீட்டர்? சைக்கிள் வாடகைக்கு விடுபவரைக் கேட்டால் "அஞ்சு" என்கிறார். குதிரைக்காரரும் "அஞ்சு". ஹோட்டல் ரிசப்ஷனிலும் அதே அஞ்சுதான். என் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் மட்டும் முதல் நாள் 4.7 என்றது. மறுநாள் அதே சாலை, அதே திசை, 4.9 என்றது. ஒரே ராத்திரியில் ஏரி 200 மீட்டர் வளர்ந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்குக் காரணம் ஏரியின் வடிவம். 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இது. பள்ளத்தாக்கின் இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் ஏறி நின்றதால், மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். கரையை ஒட்டிய சாலையும் நேராகப் போகாமல் உள்ளே நுழைந்து, வளைந்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே நுழைகிறது. ஜி.பி.எஸ். வாட்ச் உங்களை ஒவ்வொரு அடியிலும் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒரு முறை புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கிறது. வளைவில் கோடு குறுக்கே போய்விடும். மேலே மரக்கிளைகள், பக்கத்தில் மலைச்சரிவு என்றால் சாட்டிலைட் சிக்னல் எங்கெங்கோ பட்டுத் தெறித்து வரும், புள்ளியே இடம் மாறி விழும். பனிமூட்டம்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். பனிமூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

சரி, காலையில் அங்கே எப்படி இருக்கும்?

ஆறு மணிக்குப் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் டூரிஸ்ட் வேன்களும் இரட்டை சைக்கிள்களும் சாலையைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மணிக்கு ஏரி கண்ணுக்கே தெரியாது. வெள்ளையாக ஒரு புகை மட்டும் தெரியும், அதற்குள் எங்கோ நீர்க்கோழி சத்தம். போட் கிளப் பக்கம் குதிரைகளைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருப்பார்கள். குதிரைச் சாணத்தில் கால் வைக்காமல் ஓடுவது தனிக் கலை. ஸ்வெட்டர், குல்லா சகிதம் உள்ளூர் தாத்தாக்கள் வேகநடை போடுகிறார்கள். ஸ்கூல் பையன்கள் நான்கைந்து பேர் டிராக் சூட்டில் நம்மைத் தாண்டி, சிரித்துப் பேசிக்கொண்டே பறக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் நமக்கு வயிறு எரியும். ஏனென்றால், நமக்கு மூச்சே வராது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. குளிர் ஜிலுஜிலுவென்று இருப்பதால் வியர்வை தெரியாது, உடம்பு சுகமாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் இதயம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் நான் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடம் 30 விநாடியில் ஓடுவேன். இங்கே அதே மாதிரி ஓடியதாக நினைத்தேன், வாட்ச் 7 நிமிடம் 20 விநாடி என்றது. கூடவே "பேஸ் குறைகிறது" என்று கையில் ஓர் அதிர்வு வேறு.

ஜனவரியில் எனக்கு முதல் அரை மராத்தான், 21.1 கிலோமீட்டர். ஆப் கொடுத்த அட்டவணைப்படி அன்று 8 கிலோமீட்டர், இன்ன வேகம் என்று இருந்தது. அந்த அட்டவணைக்குக் கொடைக்கானல் தெரியாது. 2,100 மீட்டரில் சென்னை வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று ஓடினால், அது 'சுலப ஓட்டம்' என்ற பெயரில் ஒரு பந்தயமாகிவிடும்.

ஆனால், நான் கொடைக்கானல் போனது எனக்காக மட்டும் அல்ல. மாமாவுக்காகவும்தான்.

"வாயுன்னு நினைச்சேன்"

மாமாவுக்கு 61 வயது. திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடங்களாக மலைக்கோட்டைப் பக்கம் காலையில் ஓடியவர். வாட்ச் கிடையாது, போன் கிடையாது, ரப்பர் அடி தேய்ந்த ஒரு ஜோடி ஷூ. "எவ்வளவு தூரம் ஓடுனீங்க மாமா?" என்றால், "போதும்னு தோணுற வரைக்கும்" என்பார். அதைக் கேட்டு நாங்கள் எல்லாம் ஆச்சர்யப்பட்டிருக்கிறோம்.

போன வருடம் மூன்று நாள் தொடர்ந்து நெஞ்சில் ஏதோ அழுத்தியிருக்கிறது. "வாயு" என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துவிட்டு, மூன்று நாளும் ஓடியிருக்கிறார். நான்காவது நாள் மதுரையில் ஆஸ்பத்திரி. ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலே போகலாம் என்பது அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து 'உடம்பு சொல்றதைக் கேக்கிறேன்' என்ற வார்த்தையை அத்தை வீட்டுக்குள் விடுவதில்லை. அவர் கையில் ஒரு வாட்சைக் கட்டிவிட்டது அத்தைதான். டாக்டர் பல மாதங்கள் நடக்கவைத்து, பரிசோதனை எல்லாம் முடித்து, இப்போது மெதுவோட்டத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார். கொடைக்கானலுக்கும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். "அவர் தனியா ஓடக் கூடாது. நீ கூடவே போ, அந்த வாட்சைப் பாத்துக்கிட்டே இரு" என்பது அத்தையின் உத்தரவு.

பார்த்தேன். ஏரிச் சாலையின் ஒரு சின்ன மேட்டில் மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது, முகம் சிவக்கிறது. வாட்சில் நாடித்துடிப்பு 104! பக்கத்தில் ஓடும் எனக்கோ 161. எண்களை மட்டும் பார்த்தால் அவர்தான் சின்னப் பையன், நான்தான் கவலைப்பட வேண்டியவள்.

விஷயம் என்னவென்றால், அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று பீட்டா பிளாக்கர். இதயம் வேகமாகத் துடிப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை. எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடித்துடிப்பு வழக்கம்போல ஏறாது. வயதை வைத்துக் கணக்குப் போட்டு 'இந்த எண்ணுக்குள் இருந்தால் பாதுகாப்பு' என்று வாட்ச் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் இவருக்குப் பொருந்தாது. பச்சையில் இருக்கும்போதே மனிதர் திணறிக்கொண்டிருப்பார்.

அதனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல் அது. 6-ல் தொடங்கி 20-ல் முடியும். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட நாடித்துடிப்பு வரும் என்பதால்தான் இந்த விநோதமான 6. மாமாவுக்கு அனுமதி 11-லிருந்து 13 வரை. அதாவது, 'லேசாக இருக்கிறது' என்பதிலிருந்து 'கொஞ்சம் கடினம்' என்பது வரை. வாக்கியத்தை உடைக்காமல் பேச முடிகிறதா என்பதும் ஒரு சோதனை.

"இருபது வருசமா நான் செஞ்சதுக்கு இப்ப நம்பர் போட்டுக் குடுத்திருக்காங்க, அவ்வளவுதான் பாப்பா" என்றார் மாமா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு அவர் 'போதும்னு' தோன்றும்போது நின்றார். இப்போது நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "மாமா, எத்தனை?" என்று கேட்கிறேன், அவர் யோசித்து "பன்னெண்டு" என்கிறார். கேட்பதற்கு ஓர் ஆளும், சொல்வதற்கு ஒரு கட்டாயமும் இருந்தால் 'வாயு' என்று சமாளிப்பது கஷ்டம்.

மேலே ஒரு அளவுக்காரர் வீடு

ஏரியிலிருந்து மேற்கே ஏறும் சாலையில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. உயரம் 2,343 மீட்டர். ஓடுபவர்களுக்குத் தொடை கதறும் ஏற்றம். மாமா காரில் வந்தார், நான் பாதி ஓடி, பாதி நடந்தேன். சென்னையிலிருந்து சூரிய ஆராய்ச்சியை 1899-ல் இங்கே கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மேகம் வழிவிட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். ஒரு நாள் படத்தில் பெரிதாக எதுவும் இருக்காது. நூறு வருடப் படங்களை வரிசையாக வைத்தால்தான் சூரியனின் போக்கு தெரியும். என் ஓட்டக் கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே தோன்றியது. ஒரு நாளின் 7:20-க்கு அர்த்தமே இல்லை. மூன்று மாதத்தின் மொத்தக் கிலோமீட்டருக்கு அர்த்தம் உண்டு. திடீரென்று ஒரு வாரம் தூரத்தைக் கூட்டினால் முழங்கால் கேள்வி கேட்கும், அந்த ஆசையை அடக்க எண் வேண்டும்.

அளவே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மராத்தான் பாதையை அதிகாரபூர்வமாக அளக்க இன்றும் ஜி.பி.எஸ்ஸை நம்புவதில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சின்னக் கருவியைப் பொருத்தி, டேப்பால் அளந்த தூரத்தில் அதைச் சரிபார்த்து, பிறகு முழுப் பாதையையும் ஓட்டி அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். 42.195 கிலோமீட்டருக்கு அது 42 மீட்டர். ஆக, போட்டி முடிந்ததும் "என் வாட்ச்ல அதிகமா காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று சண்டை போடாதீர்கள்!

மூன்றாம் நாள் வாட்ச் திரையை முழுக்கைச் சட்டைக்குள் மூடிவிட்டு ஓடினேன். பதிவாகட்டும், பார்க்க வேண்டாம் என்று. அன்றுதான் யூகலிப்டஸ் வாசனை தெரிந்தது. ஏரியின் ஒரு வளைவில் மட்டும் காற்று சட்டென்று அதிகமாகக் குளிர்வது தெரிந்தது. பேசிக்கொண்டே ஓட முடிந்தது. பிறகு பார்த்தால் முதல் நாளைவிட 10 விநாடி வேகம். மூன்று நாளில் உடம்பு உயரத்துக்குக் கொஞ்சம் பழகியதும் காரணமாக இருக்கலாம், அதனால் இதை வைத்து வாட்சைக் கழற்றி எறியச் சொல்ல மாட்டேன். சுலபமாக ஓட வேண்டிய நாளிலும், மலையிலும், மே மாத வெயிலிலும் மூச்சைக் கேட்கிறேன். சமதரையில் வேகப் பயிற்சி என்றால் வாட்சைக் கேட்கிறேன். இதய நோய் உள்ளவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன் பாருங்கள். முதல் நாள் ஓடாதீர்கள், நடங்கள். அதிகாலையில் கையுறை அவசியம். ஓடி முடித்ததும் வியர்வைச் சட்டையை உடனே மாற்றிவிடுங்கள், குளிர் பிடித்துக்கொள்ளும்.

கிளம்புகிற அன்று ஏரிக்கரை டீக்கடையில் மாமா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தேதி போட்டு, பக்கத்தில் 11, 12, 12, 13, 11 என்று எழுதியிருந்தார். 13-க்கு நேராக 'மேடு. பேச்சு நின்னுச்சு. நடந்தேன்' என்று ஒரு குறிப்பு. கிலோமீட்டர் எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை மதுரையில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அதற்காக எழுதுகிறாராம். போனில் அத்தை, "அந்த 13 எதுக்கு வந்துச்சுன்னு கேளு" என்றார்.