கொடி இரத்தத்துக்குக் காசு கட்டுமுன்

கொஞ்சம் நீண்ட பதிவு. பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டாரும், இரத்தப் புற்றுநோய்க்காக மகரகமவுக்கும் ஊருக்குமாக அலையும் வீட்டாரும் பொறுமையாக வாசியுங்கள்.

எம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் கத்தாரிலிருந்து கோல் எடுத்தார். வாப்பாவுக்கு லுக்கீமியா. மூத்த சகோதரிக்கு இது எட்டாம் மாதம். "ராத்தாட புள்ள பொறந்ததும் கொடி ரத்தத்த எடுத்து வெச்சா வாப்பாக்கு ஏத்தேலுமாமே சேர்? காசக் கட்டவா?" என்று கேட்டார். எங்கோ ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். இதே எண்ணம் வேறு வீடுகளிலும் இருப்பதால் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம். நாம் டொக்டர் இல்லை, வாசித்து விளங்கியதைத்தான் சொல்கிறோம்.

முதலில், இந்தச் சிகிச்சை பொய்யில்லை. 1988 இல் பாரிஸ் செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் எலியான் குளுக்மன் என்ற பெண் வைத்தியரின் குழு, ஃபன்கோனி இரத்தசோகை இருந்த ஒரு சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் கொடி இரத்தத்தை ஏற்றியது. உலகில் அதுதான் முதலாவது. பையன் பிழைத்தான். தொப்புள்கொடியிலும் நச்சுக்கொடியிலும் மிஞ்சும் இரத்தத்தில், என்பு மச்சையில் இருப்பது போன்ற ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கடும் மருந்து கொடுத்து நோயாளியின் மச்சையை வெறுமையாக்கிய பிறகு, இந்தக் கலங்கள் அங்கே போய்க் குடியேறிப் புது இரத்தம் உண்டாக்கும். மார்க்கத்தில் கூடுமா என்றும் சிலர் கேட்பார்கள். பெற்றோர் சம்மதித்தால் கூடும் என்று மக்கா ராபிதாவின் பிக்ஹு சபை 2003 இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் முதலாமவன் சிறுவன். இங்கேதான் கணக்கு வருகிறது. நோயாளியின் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 25 மில்லியன் கலங்களாவது பையில் இருக்க வேண்டும் என்பது பல நிலையங்கள் வைத்திருக்கும் அளவு. 15 கிலோ பிள்ளைக்கு 375 மில்லியன். 60 கிலோ மனிதருக்கு 1500 மில்லியன். ஒரு பிரசவத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கும் குறைவான இரத்தம். அதில் 1000 மில்லியன் கலங்கள் இருந்தால் நல்ல பை என்பார்கள். அது 40 கிலோவுக்குத்தான் காணும், எட்டாம் தரத்துப் பிள்ளை ஒன்றின் நிறை! கடல் தொழில் செய்த உடம்புக்கு எப்படிக் காணும்?

எண்ணிக்கை சரியானாலும் தரம் பார்க்க வேண்டும். உப்பளத்தில் மூட்டைக் கணக்கோடு ஈரமும் பார்த்துத்தானே விலை பேசுகிறோம். பையை மைனஸ் 196 பாகையில் உறைய வைத்துப் பிறகு உருக்கும்போது எத்தனை கலங்கள் உயிரோடு மிஞ்சும், அவற்றில் சிடி34 எனப்படும் உண்மையான ஸ்டெம் செல்கள் எவ்வளவு, கிருமி ஏதும் கலந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். நல்ல வங்கிகள் பையோடு ஒட்டிய சிறு குழாய்த் துண்டை முதலில் உருக்கிச் சோதித்த பிறகே பையை அனுப்பும். பை பலவீனமாக இருந்தால் வெண்கலங்கள் திரும்ப நாள் எடுக்கும். அந்த ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றுக்குத் திறந்த கதவு.

அமெரிக்காவில் மினசோட்டா வைத்தியர்கள் இதற்காகப் பெரியவர்களுக்கு இரண்டு பைகளை ஏற்றிப் பார்த்தார்கள். 2023 இல் ஒமிசெர்ஜ் என்ற தயாரிப்புக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஒரே பையின் கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கிக் கொடுப்பது அது. சாதாரண கொடி இரத்தத்தில் 22 நாள் எடுத்த வெண்கலங்கள் இதில் 12 நாளில் வந்தன. அதன் விலையை எழுதி யாருடைய மனதையும் நோகடிக்க விரும்பவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நாம் அழுத்திச் சொன்னது வேறொன்று. பேரப்பிள்ளையின் கொடி அவருடைய வாப்பாவுக்குப் பொருந்தும் என்ற நிச்சயம் இல்லை. ஆனால் பெற்ற மக்கள் ஒவ்வொருவரும் வாப்பாவுக்கு அரைவாசி பொருத்தம். இப்போது அரைவாசிப் பொருத்தத்திலும் மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். 2021 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இரண்டு கொடிப் பைகள் பெற்ற பெரியவர்களில் 100 க்கு 46 பேர் இரண்டு வருடம் கடந்து உயிரோடிருந்தார்கள். அரைவாசி பொருந்திய சொந்தங்களிடம் பெற்றவர்களில் 57 பேர். கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஆக, கம்பனிக்குக் காசு கட்டுமுன் சாச்சாமாரையும் மாமிமாரையும் பிள்ளைகளையும் எச்.எல்.ஏ. பரிசோதனை செய்யலாமா என்று மகரகம டொக்டரிடம் கேளுங்கள்.

"நாளைக்குப் புள்ளைக்கே உதவும்" என்ற பேச்சும் இருக்கிறது. பிள்ளைக்கு லுக்கீமியா வந்தால் அதன் வித்து கொடி இரத்தத்திலேயே இருந்திருக்கலாம் என்பதால் சொந்தப் பையை அதற்கு எடுப்பது அபூர்வம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசுக்குச் சேமிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. இன்னொன்று, பிறந்து ஒரு நிமிடமாவது போகாமல் கொடியைக் கட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரத்தம் பிள்ளையின் இரும்புச்சத்து. பைக்காக அவசரப்படுத்த விடாதீர்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தலசீமியாவுக்காகக் குருணாகலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் வீடுகள் எமது கரையில் இருக்கின்றன. அந்த வீட்டில் அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால் கொடி இரத்தத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே நோயாளி சின்னப் பிள்ளை, கொடுப்பது கூடப் பிறந்தது. பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே கிளினிக்கில் கேளுங்கள்.