எந்தக் குரூஸ்?

தூத்துக்குடியில் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து சிலையைப் பார்த்த வெளியூர் நண்பர், "கொற்கை நாவல் எழுதினாரே ஜோ டி குரூஸ், அவருக்கு இவர் தாத்தா முறையா?" என்று கேட்டார். முத்துக்குளித்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வருகிற சந்தேகம்தான். பெயரைப் பிடித்துக்கொண்டு உறவு தேடினால் இந்தக் கரையில் பாதிப்பேர் ஒரே குடும்பமாகிவிடுவார்கள்.

இந்தப் பெயர்களின் கதை 16-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. முத்துக் கடலுக்கான போட்டி முற்றி, இந்தக் கரையின் பரதவர்கள் நெருக்கடியில் இருந்த நேரம். குதிரை விற்க இந்தப் பக்கம் வந்துபோன ஒரு வியாபாரி, "கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரைப் பாருங்கள்" என்று வழி சொன்னார். அவர் பரதவர் அல்ல, கோழிக்கோட்டுக்காரர். லிஸ்பன் வரை போய்க் கிறிஸ்தவராகித் திரும்பியவர். பெயர் ஜோவாம் ட குரூஸ். பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் பாதுகாப்புக் கேட்டுக் கொச்சிக்குப் போனார்கள். 1535-37 காலத்தில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சேவியர் வந்தது அதற்குப் பிறகு, 1542-இல்.

அத்தனை பேருக்கும் புதுப்பெயருக்கு எங்கே போவது? பர்னாந்து, கோமஸ், வாஸ், மச்சாடோ, ரொட்ரிகோ, குரூஸ் என்று சில பெயர்களே கரை நெடுகப் பரவின. முத்துக்காக வாங்கிய பாதுகாப்போடு சேர்ந்து வந்த பெயர்கள் இவை. சலாபம் என்கிற முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது, பெயர்கள் நிற்கவில்லை.

1806-இல் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்து ஓடவிட்ட பரதவர் சாதித்தலைவரின் நீண்ட பெயருக்குள்ளும் ஒரு குரூஸ் இருக்கிறார்: தொன் கபிரியேல் தெக்குரூஸ் வாஸ் கோமஸ். ஊருக்கு அவர் தேர்மாறன். சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே வெளியே வரும் அந்தத் தேர், 2023 ஆகஸ்ட் 5 அன்றும் வடம் பிடித்து இழுக்கப்பட்டது.

சிலையாக நிற்கும் குரூஸ் 1869-இல் பிறந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். கடலை வாசலில் வைத்துக்கொண்டு குடிதண்ணீருக்கு அல்லாடிய ஊர் இது. வல்லநாட்டிலிருந்து குழாய் பதித்துத் தாமிரபரணித் தண்ணீரை 1927-இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். மூன்றே வருடத்தில் காலமானார். ஜோ டி குரூஸ் உவரிக்காரர், கப்பல் தொழிலில் இருப்பவர். 'ஆழி சூழ் உலகு' எழுதி, 'கொற்கை'க்காக 2013-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்.

பெயர் போதாது என்பது கரையில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். திரேஸ்புரத்தில் படகு கரை சேர்ந்து மீன் ஏலம் போகிற நேரத்தில், "குரூஸ் அண்ணனக் கூப்புடுல" என்று ஒருவர் சத்தம் போட்டால், தராசுப் பக்கமிருந்து பதில் கேள்வி வரும்: "எந்தக் குரூஸு? தண்டல் குரூஸா, கண்ணாடி குரூஸா?" தோணி ஓட்டியதோ, கண்ணாடி போட்டதோ, ஏதாவது ஒன்று முன்னால் ஒட்டினால்தான் ஆள் அகப்படுவார். ஞானஸ்நானத் தொட்டியில் கிடைத்த பெயர் எல்லோருக்கும் பொது. ஊர் வைக்கிற அடைமொழி அவரவர் சம்பாத்தியம்.

அந்தக் கணக்கில் ஒருவருக்குத் தேர், ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு எழுத்து என்று வரவு எழுதியாகிவிட்டது. குதிரை வியாபாரி குரூஸுக்கு மட்டும் ஊர் அடைமொழி எதுவும் வைக்கவில்லை. அவர் சொன்ன யோசனையைக் கரை முழுவதும் எடுத்துக்கொண்டது. ஆளைத் தேடுவதைச் சரித்திரக்காரர்களுக்கு விட்டுவிட்டது.