ரியோஹா போய் வந்தவன்

ஸ்பெயின் என்றதும் நம்மாட்களுக்கு ஞாபகம் வருவது காளைச் சண்டை, அப்புறம் கால்பந்து. அங்கே காசு கட்டி நடக்கப் போகிறார்கள் என்று சொன்னால் புதுக்கோட்டையில் யார் நம்புவார்கள்? ரிட்டயர் ஆன அந்த வரலாற்று வாத்தியாரும் நம்பவில்லை.

லண்டனில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். போன வருஷம் ஒரு வாரம் ரியோஹா பக்கம் நடந்துவிட்டு வந்ததைச் சாப்பிடும்போது சொன்னான். ரியோஹா என்பது வடக்கு ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய திராட்சைத் தோட்டச் சீமை. ஒயினுக்குப் பேர் போன ஊர். காலையில் வழிகாட்டி வந்து கூட்டிப் போவார். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாதிரி நடை. பெட்டி படுக்கையெல்லாம் வேனில் முன்னாடியே அடுத்த ஊருக்குப் போய்விடும். சாயங்காலம் ஏதாவது ஒரு நிலவறையில் ஒயின் ருசி பார்ப்பது. லோக்ரோஞோ, நாஹெரா வழியாகச் சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையும் அதற்குள்தான் ஓடுகிறது. வழி நெடுக மஞ்சள் அம்புக்குறி போட்டிருப்பார்கள், தொலையவே முடியாதாம். பக்கத்து நவார்ரா மாகாணத்தில் இராச்சே என்ற இடத்தில் 1991-லிருந்து யாத்ரீகர்களுக்குக் குழாயில் இலவசமாக ஒயின் வருகிறது என்றும் சொன்னான். (நம்மூர் நீர்மோர்ப் பந்தல் மாதிரி. ஆனால் வருஷம் முழுக்க!)

"எவ்வளவுடா ஆச்சு?"

"ஃபிளைட் இல்லாம ஒண்ணரை லட்சம் ப்பா."

"நடக்கவா?"

காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பார்க்கலாம். பாதை இலவசம். வெயில் இலவசம். கால்கள் சொந்தக் கால்கள். சாப்பாட்டையும் ரூம் வாடகையையும் கழித்தால் மிச்சப் பணம் இரண்டு பேருக்குப் போகிறது. பையைத் தூக்குகிறவர் ஒருவர், கதை சொல்கிறவர் இன்னொருவர். இதில் கதைக்குத்தான் ரேட் ஜாஸ்தி.

அடுத்து மகன் சொன்னதில்தான் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சான் மில்யான் என்ற ஊரில் மலைச்சரிவில் குகைகளை ஒட்டிக் கட்டிய பழைய மடம் ஒன்று இருக்கிறது, பேர் சூசோ. 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே இருந்த ஒரு லத்தீன் ஏட்டின் ஓரத்தில் யாரோ ஒரு துறவி அர்த்தம் எழுதி வைத்த குறிப்புகள்தான் ஸ்பானிய மொழியின் ஆக மூத்த எழுத்துகளில் சில. வழிகாட்டி அதைச் சொன்னபோது தனக்குப் புல்லரித்துவிட்டது என்றான்.

"எந்த நூற்றாண்டு?"

"பத்து, பதினொண்ணு இருக்கும்ப்பா."

வாத்தியார் சிரித்துவிட்டார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "காலையில கெளம்பிருவீங்க போல" என்றார்.

சர்வீஸில் இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் பையன்களைச் சைக்கிளில் மலை மலையாகக் கூட்டிப் போனவர் அவர். சொந்த மகன் மட்டும் ஒருநாளும் போனதில்லை. சனிக்கிழமை அவனுக்குக் கணக்கு டியூஷன். சேர்த்துவிட்டதும் அவர்தான்.

மறுநாள் விடியும் முன்னே திருச்சி ரோட்டில் இறங்கி நார்த்தாமலைக்கு நடந்தார்கள். ஒரு காலத்தில் இது வணிகர் ஊர். நானாதேசி வணிகக் குழுவைப் பற்றிய கல்வெட்டுகள் இங்கே உண்டு. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆகிவிட்டது என்பார்கள். மேலமலையின் வழுக்குப் பாறையில் வாத்தியார் ஒவ்வொரு அடியாக வைத்து ஏறினார். முழங்கால் பழைய மாதிரி இல்லை. மகன் கை நீட்டினான், அவர் பிடிக்கவில்லை.

மேலே விஜயாலய சோழீஸ்வரம், மேற்கு பார்த்த கோயில். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் எட்டுச் சின்னச் சன்னதிகளில் ஆறுதான் மிச்சம். பேர் சோழன் பேராக இருந்தாலும் துவாரபாலகர் காலடிக் கல்வெட்டு வேறு ஆளைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்பவர் எடுத்த கோயில் மழையில் சேதமாக, தென்னவன் தமிழதிரையன் என்ற மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்று. எதிரே பாறையில் இரண்டு குகைகள். பெரிய குகையில் வரிசையாகப் பன்னிரண்டு திருமால்கள், ஆள் உயரத்துக்கு. சின்னது பழியிலி ஈஸ்வரம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடைந்தது.

"அப்பன் குடைஞ்ச குகைக்கு மக சிறியநங்கை முகமண்டபம் கட்டி, நந்தியும் வச்சுக் குடுத்திருக்கா. கல்வெட்டுலயே இருக்கு" என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு உடனே வேறு பக்கம் கையைக் காட்டித் தூரத்துக் குவாரி ஒன்றைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அங்கிருந்து சித்தன்னவாசல் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மஞ்சள் அம்பெல்லாம் கிடையாது. கருவேலங்காடும் கடலைக்கொல்லையும்தான். பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது. ஜல்லிக்கட்டுக்குப் போய்த் திரும்பிய காளையை ஏற்றிக்கொண்டு ஒரு டாடா ஏஸ் வந்தது. டிரைவர் பழைய மாணவன். "சார்! ஏறுங்க சார்! இது நம்ம தம்பியா?" ரியோஹாவில் பெட்டி வேனில் போகும், ஆள் நடப்பான். இங்கே வழிகாட்டியே வேனில்!

சித்தன்னவாசலில் அறிவர் கோயிலின் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு, நிறைய உதிர்ந்துவிட்டது. மகன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். ஆனால் வாத்தியார் காட்ட வந்தது அது இல்லை. மேலே ஏழடிப்பட்டம். சமணத் துறவிகளின் பதினேழு கல் படுக்கைகள் உள்ள குகைத்தளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்பில் போகவேண்டும். அவரால் முடியாது. அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ. எழுத்து இருக்கும், பார்த்துட்டு வா."

இருபது நிமிஷம் கழித்து வியர்த்து வழிய இறங்கி வந்து போனைக் காட்டினான். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது ரொம்பப் பிந்தி வெட்டினது, எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு. இருக்கறதுலயே பெரிய படுக்கை எதுன்னு பாரு. அதோட பக்கவாட்டுல குனிஞ்சு பாரு. கோடு கோடா இருக்கும், தமிழ் மாதிரியே தெரியாது."

"திரும்பவுமாப்பா?"

"பின்ன?"

லண்டனில் முப்பது பேருக்கு மேனேஜர் அவன். ஒன்றும் பேசாமல் திரும்ப ஏறினான். இந்த முறை அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாத்தியார் மணியைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், எழுந்து நாலு படி ஏறிவிட்டு உட்கார்ந்தார்.

இறங்கி வந்தவனின் முட்டியில் சிராய்ப்பு. போனில் வரிசையாகக் குச்சி குச்சியாய்த் தமிழ் பிராமி. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்து எழுத்து. வாத்தியார் போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து விரலால் பெரிதாக்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எருமைநாட்டுல பொறந்த ஒருத்தர். மைசூர்ப் பக்கம். பொறந்த ஊரை விட்டுட்டு இங்க வந்து இந்தப் பாறையில தங்கியிருக்காரு. அவருக்கு இளயர்னு ஒரு ஆள் இந்த இருக்கையைச் செஞ்சு குடுத்திருக்காரு. அவ்வளவுதான் சேதி."

மகன் போனை வாங்கி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சூசோல இதைவிடக் கம்பி நல்லா போட்டிருந்தாங்கப்பா" என்றான்.

பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. டீக்கு மகன்தான் காசு கொடுத்தான். இன்னும் எட்டு நாள் லீவு இருக்கிறது, குடுமியான்மலை எவ்வளவு தூரம் என்று கேட்டான்.