அப்பத்தாவும் ஆவின் பாலும்

காலையில அஞ்சே முக்காலுக்கு எங்க வீட்டுக் கதவு திறக்குற சத்தம் கேட்டா அது அப்பத்தாதான். கையில ஒயர் கூடை, இடுப்புல சுருக்குப்பை. மூணாவது மாடியில இருந்து படியிலதான் இறங்குவாங்க. லிஃப்ட்டுல ஏற மாட்டாங்க. "பொட்டிக்குள்ள நின்னு என்னத்துக்குய்யா போகணும்?" தெருமுனை ஆவின் பூத்துல ரெண்டு பாக்கெட் பால் வாங்கி, மீதிச் சில்லறைய ரெண்டு தடவை எண்ணி, வர்ற வழியில பூக்காரம்மாகிட்ட ஒரு முழம் கனகாம்பரத்துக்கு மல்லுக்கட்டிட்டு வீடு வந்து சேர ஏழாகிடும். அரை கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம்!

2021ல தாத்தா தவறினப்புறம் திருமங்கலத்துல இருந்து சென்னைக்குக் கூட்டிட்டு வந்தோம். அப்போ அவங்களுக்கு 76 வயசு. ஊர்ல களையெடுப்பு, மாடு, சந்தைன்னு ஓடின உடம்பு. இங்க வந்ததும் அந்தப் பால் பூத்துதான் அவங்களுக்குச் சந்தை.

2022 கடைசியில ஒரு மழை நாள்ல பைக்காரன் ஒருத்தன் உரசிட்டுப் போயிட்டான். முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா வீட்டுல பெரிய பஞ்சாயத்து. நமக்குத்தான் பொட்டி தட்டுற பொழப்பாச்சே, எல்லா வியாதிக்கும் ஒரு ஆப் இருக்குன்னு நம்புற சாதி. அன்னிக்கு ராத்திரியே பாலுக்கு ஒரு ஆப், காய்கறிக்கு ஒண்ணு, பூவுக்குக் கூட ஒண்ணு போட்டுட்டேன். "இனிமே நீங்க ராணி மாதிரி உக்காந்திருங்க அப்பத்தா"ன்னு பெருமையா வேற சொன்னேன். அவங்க ஃபோனைப் பார்த்தாங்க, என்னையப் பார்த்தாங்க. "என்னைய முடக்கிப் போட்டுட்டியேய்யா"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் சோஃபா, டிவி, சீரியல். 2023ல ஒரே கேள்விய மூணு தடவை கேட்க ஆரம்பிச்சாங்க. வயசானா அப்படித்தான்னு விட்டுட்டோம். குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டாங்கன்னு அம்மா அடுப்படிப் பக்கமும் விடுறதில்லைன்னு ஆச்சு. 2024 பொங்கலுக்கு இலை போட்டுட்டுக் கூப்பிட்டா, வாசலைப் பார்த்துக்கிட்டு, "தாத்தா இன்னும் வரலியே"ன்னாங்க. யாரும் சாப்பிடல அன்னிக்கு.

நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ரத்தத்துல பி12, தைராய்டு, காது கேட்குதா, ஸ்கேன்னு வரிசையா பார்த்தார். கடிகாரம் வரையச் சொன்னார். எண்ணெல்லாம் ஒரே பக்கமா போய் நெருக்கிக்கிட்டு நின்னுச்சு. மறதி நோயோட ஆரம்ப நிலைன்னார். அப்புறம், "வீட்டுல என்ன வேலை பாக்குறாங்க?"ன்னு கேட்டார். அம்மா பெருமையா, "ஒரு துரும்பைக் கூட அசைக்க விடுறதில்ல டாக்டர்." அவர் எழுதறதை நிறுத்திட்டு எங்க மூணு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "கொஞ்சம் அசைய விடுங்களேன்."

எனக்கு எங்க போனாலும் டீபக் பண்ற புத்தி. எந்த மாற்றத்துக்கு அப்புறம் சிஸ்டம் படுத்துச்சுன்னு தேடினா, நேரா என்னோட பால் ஆப்ல போய் நிக்குது. ராத்திரி உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல கிடைச்சதெல்லாம் வயித்தெரிச்சல். 2011ல அமெரிக்காவுல 55ல இருந்து 80 வயசு வரைக்கும் 120 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு வாரம் மூணு நாள், 40 நிமிஷம் வரைக்கும் வேக நடை. மீதிப் பேருக்குக் கைகாலை நீட்டி மடக்குற பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சு ஸ்கேன்ல பார்த்தா, நடந்தவங்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருசாகியிருக்கு, மத்தவங்களுக்குச் சுருங்கியிருக்கு. புது ஞாபகங்களைப் பதிய வைக்கிற மூளைப் பகுதி அது. 2022ல பிரிட்டன்ல 78 ஆயிரம் பேரோட அடிக்கணக்கைப் பார்த்த ஆய்வுல, தினம் 3,800 அடி நடக்குறவங்ககிட்டயே மறதி நோய் கால்வாசி குறைவா இருந்திருக்கு. (அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கு 1965ல ஜப்பான்ல விக்க வந்த ஒரு பெடோமீட்டரோட பேருங்கிறது தனிக் கதை.) காரணமும் புரியாததில்ல. உடம்பு எடையில 2 சதவீதம் இருக்குற மூளை, ஆக்சிஜன்ல அஞ்சுல ஒரு பங்கை இழுக்குது. ரத்தக்குழாய் நல்லா இருந்தாத்தான் அதுக்குப் பொழப்பு. நான் பாவின்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்புறம் 2017ல வந்த ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. லண்டன்ல பத்தாயிரத்துச் சொச்சம் அரசு ஊழியர்களைச் சராசரியா 27 வருஷத்துக்குப் பின்தொடர்ந்த ஆய்வு. மறதி நோய் வந்தவங்க, கண்டுபிடிக்கிறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே நடமாட்டத்தைக் குறைக்க ஆரம்பிச்சிருக்காங்க. அதாவது நடக்காததால நோய் வந்துச்சா, நோய் உள்ள வந்ததால நடை குறைஞ்சுதா? அப்போ அந்த அரை கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் மணி நேரம்? நான் பேரம்னு நெனச்சது வேற ஏதாவதா? டாக்டர்கிட்ட கேட்டேன். மூளையில மாற்றம் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்னார். ஆறுதலா எடுத்துக்கவா, வேண்டாமான்னு எனக்கு இன்னும் தெரியல.

நல்ல செய்தி மட்டும் சொல்லிட்டுப் போனா நியாயம் இல்ல. 2015ல அமெரிக்காவுல 70ல இருந்து 89 வயசுக்காரங்க 1,635 பேர்கிட்ட ரெண்டு வருஷம் சோதனை பண்ணினதுல, உடற்பயிற்சி செஞ்சவங்க அறிவுத்திறன் மத்தவங்களை விட உசந்துடல. 80 தாண்டினவங்களுக்குத் திட்டமிட்டுச் செய்யுற திறமையில ஒரு சின்ன லாபம். அதே வருஷம் பின்லாந்து ஆய்வுல பலன் தெரிஞ்சுது. ஆனா அங்க உடற்பயிற்சியோட சாப்பாடு, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கவனிப்புன்னு எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்தாங்க.

இதைப் படிச்சப்போதான் எனக்கு அந்த ஒயர் கூடை ஞாபகம் வந்துச்சு. பால் வாங்கப் போறதுல நடை மட்டுமா இருந்துச்சு? வழி பார்க்கணும், பைக்கைக் கவனிக்கணும், சில்லறை எண்ணணும், நேத்து என்ன விலை சொன்னாங்கிறதை வச்சு இன்னிக்குச் சண்டை போடணும். பின்லாந்துக்காரங்க திட்டம் போட்டுச் செஞ்சதுல பாதி அந்தக் கூடையிலயே இருந்திருக்கு. நான் பால் மட்டும் போதும்னு நெனச்சு மிச்சத்தையெல்லாம் கேன்சல் பண்ணிட்டேன்.

சரி, நடக்க வைப்போம்னு கிளம்பி முதல்ல சொதப்பினேன். கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டி மொட்டை மாடியில சுத்தச் சொன்னேன். ரெண்டு ரவுண்டுல நின்னுட்டாங்க. "செக்குமாடாய்யா நானு?" அடுத்த நாள் வாட்ச் அரிசி டப்பாவுல இருந்துச்சு. அவங்கதான் வச்சாங்களான்னு கேட்டா அவங்களுக்கே ஞாபகம் இல்ல. சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியல.

பால் ஆப்பை நிறுத்தினேன். இப்போ தினம் காலையில நானும் கூடப் போறேன். டாக்டர் சொன்னபடி வழுக்காத செருப்பு, வெளிச்சம் வந்தப்புறம்தான் வெளியே. போறதுக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது பத்து தடவை, காலுக்குப் பலம் வேணும்ல. அப்பத்தா பேச ஆரம்பிச்சா நின்னுடுவாங்க. 1997ல ஸ்வீடன்ல ஒரு முதியோர் குடியிருப்புல இதையே பார்த்திருக்காங்க. பேச்சுக் குடுத்ததும் நடையை நிறுத்தினவங்க 12 பேர், அதுல 10 பேர் ஆறு மாசத்துக்குள்ள விழுந்திருக்காங்க. நடக்குறதே மூளைக்கு ஒரு வேலைதான்னு அதுல இருந்து புரிஞ்சுது. அதனால அவங்க பேசினா நானும் நின்னுடுறேன். அவசரம் என்ன, ஸ்டாண்டப் மீட்டிங் ஒன்பதரைக்குத்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மறதி போயிடல. கடிகாரம் போன தடவையும் கோணலாத்தான் வந்துச்சு. தாத்தாவைத் தேடுறதும் நிக்கல. ஆனா ராத்திரி தூங்குறாங்க, பசின்னு கேட்டுச் சாப்பிடுறாங்க. பூக்காரம்மா பொண்ணு பேரைத் தினமும் கேட்பாங்க, அந்தம்மாவும் தினமும் புதுசாச் சொல்லும். சில்லறை எண்ணுறது தப்பாத்தான் வருது, பூத்துக்காரர் பொறுமையா மறுபடி எண்ணிக் குடுப்பார். விலையில மட்டும் இன்னிக்கும் ஏமாறல, அது எப்படின்னு எந்த ஆய்வுலயும் போடல.

நேத்து திரும்பி வரும்போது ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டாங்க. கூடையை என்கிட்ட தர மாட்டேன்னுட்டாங்க.

"நம்மது எத்தனாவது மாடிய்யா?"

எனக்குத் திக்குன்னுச்சு. "மூணு, அப்பத்தா."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்"னுட்டு கைப்பிடியைப் பிடிச்சு ஏற ஆரம்பிச்சாங்க.