சாக்கில் ஒரு தோட்டம்
சப்ரகமுவ லயங்களில் கண்டதும் கற்றதும்

கொழும்பிலிருந்து வரும் பாதை அவிசாவளையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரத்தினபுரிக்குச் செல்கிறது. மற்றது எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறுகிறது. இந்த இரு பாதைகளையும் ஒட்டிய மலைச் சரிவுகளில்தான் கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பல இருக்கின்றன. 'மலையகம்' என்றதும் எமக்கு நுவரெலியாவின் குளிரும் பனியும்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தக் குளிர் இல்லை. புழுக்கமும் அட்டையும் விடாத மழையும்தான். ஒரு சரிவில் தேயிலை, அடுத்த சரிவில் இறப்பர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தமிழ் லயங்கள் சிறு தீவுகளைப் போல ஒதுங்கிக் கிடக்கின்றன.

பெண்கள் குழுக்களின் வீட்டுத்தோட்ட வேலைகளைப் பார்ப்பதற்காக இந்தத் தோட்டங்கள் சிலவற்றில் தங்கியிருந்தேன். அங்கு கண்டவற்றை வன்னியிலும் கிழக்கிலும் இருக்கும் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களின்போது இந்தப் பகுதித் தோட்டங்களும் தாக்கப்பட்டன. உயிர் தப்பியவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். பின்னர் யுத்தம் அவர்களை அங்கிருந்தும் துரத்தியது. எம் வாசகியரில் சிலருடைய தாயோ பாட்டியோ இந்த மலையில் கொழுந்து பறித்தவராக இருக்கக்கூடும்.

காணி இல்லாதவர்களின் தோட்டம்

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். பல லயங்கள் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டவை. தனிவீடும் 7 பேர்ச் காணியும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் லயத்திலேயே வாழ்பவர்கள் இன்னும் ஏராளம். வாசலுக்கு முன்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் எவரும் தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் காம்பராவில் தொடர்ந்து இருக்கவிடுவார்களா என்ற பயமும் பலருக்கு உண்டு.

இப்படி இருக்கும்போது, எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு லயத்தின் வாசலில் இருபதுக்கும் மேற்பட்ட உரச் சாக்குகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மிளகாய், கத்தரி, வெண்டி, பசளிக்கீரை. "நிலத்தில் நடாமல் ஏன் அக்கா சாக்கில்?" என்று கேட்டேன்.

"மண்ணு தோட்டத்து மண்ணு மிஸ். ஆனா சாக்குல அள்ளி எருப்போட்டுக் கலந்து வச்சிட்டா, அது எங்க மண்ணு. போகச் சொன்னாக்கூட தூக்கிக்கிட்டுப் போயிரலாம்" என்றார் அவர்.

நான் சமூகவியல் படித்தவள். காணி உரிமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் இருந்திருக்கிறேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நட்ட மரத்தின் காயைப் பறிக்காமலே போன பெண்களுக்கு, இந்தப் பதிலை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தவறணையில் கற்ற பாடம்

வடக்கில் 'தவறணை' என்றால் கள்ளுக்கடை. தோட்டத்தில் தவறணை என்றால் தேயிலை நாற்றுமேடை. ஓர் இலையுடன் வெட்டிய தண்டை மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் வைத்து, பல மாதங்கள் பராமரித்துத்தான் கன்று எடுக்கிறார்கள். மண்ணை அரித்து, கல்லும் வேரும் நீக்கி, பையில் இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் நிரப்புவது பெண்களின் கை. ஆகவே சாடிக்கு மண் கலப்பதை இவர்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கன்றுகளை மட்டும் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போன திட்டங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கன்றுகள் கெட்டி மண்ணில் வேர் விடாமல் செத்துப்போயின. முதலில் மண், பிறகுதான் கன்று.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைக்க வேண்டும். தேயிலை புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. மரக்கறிகளுக்கு அந்தளவு புளிப்பு ஆகாது. அதனால் தவறணை மண்ணை அப்படியே மிளகாய்க்குப் போட முடியாது. இங்குள்ள பெண்கள் விறகடுப்புச் சாம்பலைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

கலவை

அவர்கள் சொன்ன கணக்கு எளியது. எந்த வாளியானாலும் ஒரே வாளியால் அளக்க வேண்டும்.

மேல்மண் 1 வாளி. நன்கு உக்கிய கூட்டெரு 1 வாளி. தும்புத்தூள் 1 வாளி. சாம்பல் 1 சிரட்டை.

மண் செடிக்குப் பிடிமானம். கூட்டெரு உணவு. தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து, வேருக்குக் காற்றும் விடும். தும்புத்தூளை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, கறுத்த சாயத்தை இரண்டு மூன்று தடவை வடித்துவிட வேண்டும்.

மேல்மண் எங்கே எடுப்பது என்பதில் கவனம் தேவை. வாசல் துண்டில் மேல் ஆறு அங்குலத்துக்குள் எடுக்கிறார்கள். தேயிலை வரிசைகளுக்கு நடுவே எடுப்பதில்லை. அங்கே களைகொல்லி அடித்திருப்பார்கள். லயத்துக் கானிலும் எடுப்பதில்லை. அது அழுக்குநீர் ஓடும் இடம். லயத்தின் பின்புற மண்மேட்டை வெட்டவே கூடாது. இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு அபாயம் கூடிய மாவட்டங்கள். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியதை இங்கு எவரும் மறக்கவில்லை.

கூட்டெருவுக்கு வேண்டியதெல்லாம் சுற்றிலும் உண்டு. ஜனவரி, பெப்ரவரியில் இறப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது சருகைச் சாக்குகளில் சேர்த்துவைக்கிறார்கள். வேலியில் நிற்கும் கிளிசரியா (எங்களூர்ச் சீமைக்கிளுவை), காட்டுச் சூரியகாந்தி ஆகியவற்றின் பச்சை இலை, வாழைமட்டை, மரக்கறித் தோல், குடித்து முடித்த தேயிலைச் சக்கை, மாட்டுச் சாணம். ஒரு படை சருகு, ஒரு படை பச்சை, மேலே சாணக் கரைசல் என்று இடுப்பளவு உயரத்துக்கு அடுக்குகிறார்கள். சில நாட்களில் குவியலின் உள்ளே சூடு ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், புரட்டிவிடுகிறார்கள். மூன்று மாதமளவில் சூடு தணிந்து, கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அதுதான் பதம். உக்காத எருவைப் போட்டால் வேர் கருகும்.

சேதனப் பசளை என்ற சொல்லே தோட்டத்தில் சிலருக்குக் கசப்பு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. அதற்குள் தேயிலை விளைச்சல் விழுந்து, கொழுந்து நிறை குறைந்தது. "மலை முழுக்கப் போட எருவுக்கு எங்க போறது? சாக்குக்குப் போடுற எருவை நம்ம கையாலயே செஞ்சிரலாம்" என்றார் ஓர் அம்மா. 2022இல் மரக்கறி விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, இந்தச் சாக்குகள்தான் கறிச்சட்டியை நிரப்பின என்றார்.

சேமித்து வைத்தல்

இங்கு ஆண்டு மழை 3,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. கலந்த மண்ணை வெளியே விட்டால் சத்தெல்லாம் கானோடு போய்விடும். அதனால் மழைக்கு முன்னரே கலந்து சேமிக்கிறார்கள்.

• கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்த ஈரத்தில் கட்டி வைக்க வேண்டும்.
• காற்றுப் புகும் நெய்த சாக்கே நல்லது. கழுவிய உரச் சாக்கு போதும். முக்கால்வாசி நிரப்பி, வாயைத் தளர்வாகக் கட்ட வேண்டும். மருந்துக் கான்களைத் தொடவே கூடாது.
• நிலத்தில் வைக்காமல் கல்லின் மேல் பலகை போட்டு, தாழ்வாரத் தண்ணீர் படாத நிழலில் வைக்க வேண்டும்.
• சாக்கில் திகதி எழுதி, ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.
• புளித்த நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். கொட்டிப் பரப்பி, காய்ந்த சருகு கலக்க வேண்டும்.

அறுவடை முடிந்த சாக்கு மண்ணையும் கொட்டிவிடுவதில்லை. வேர்களை நீக்கி, வெயிலில் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புதிய கூட்டெரு சேர்த்துக்கொள்கிறார்கள். நோய் வந்து செத்த செடியின் மண்ணை மட்டும் மறுபடி சாக்கில் போடுவதில்லை.

உடல்நலத்தையும் மறக்கக் கூடாது. இந்த மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் அதிகம். கையிலோ காலிலோ காயம் இருந்தால் ஈரமண்ணைத் தொடாதீர்கள். உறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாடியின் கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

எமது ஊர்களில்

இதையே எமது ஊர்களில் செய்யும்போது சில மாற்றங்கள் வேண்டும். மலையில் மழை எதிரி, எம்மிடம் வெயில். ஆகவே தும்புத்தூளைச் சற்றுக் கூட்டலாம். சாணம் இல்லாத இடத்தில் உக்கிய ஆட்டெரு போதும். அரிசி ஆலைப் பக்கத்தில் இருப்பவர்கள் உமிக்கரி சேர்க்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணுக்குச் சாம்பல் தேவையில்லை. கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்தில் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்க வேண்டாம்.

காணிப் பத்திரத்துக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலையும் சகோதரிகளே, அந்த அலைச்சலை நிறுத்தச் சொல்லவில்லை. சாக்கு மண் காணிக்கு மாற்று ஆகாது. லயத்துப் பெண்களும் காணி கேட்பதை விட்டுவிடவில்லை. ஆனால் பத்திரம் வரும்வரை பிள்ளைகளின் சோற்றில் ஒரு கீரையாவது இருக்க வேண்டும். மூன்று வாளி, ஒரு சிரட்டை, ஒரு பழைய சாக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமையே சருகு சேர்க்கத் தொடங்குங்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே குவியலாகப் போட்டால், புரட்டும் வேலையும் பாதியாகும். கதைத்துக்கொண்டிருக்கத் துணையும் கிடைக்கும்.